பேர்கனுக்குக் கொண்டுபோன வெற்றிலை வட்டா

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஆறு பேர் நான் பெற்றவர்கள். ஏழாவது, மௌத்தாகிப்போன என் தங்கையின் மகன். ஏழு பேரும் தங்கள் காலில் நிற்கிறார்கள். கல்முனையில் யாரும் என் முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னது என் காதுக்கு வந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரமுள்ளவர்கள் வேறு எதையாவது வாசிக்கலாம்.

என் கடைசி மகள் றிஃப்கா நோர்வே நாட்டில் பேர்கன் என்ற ஊரில் ஐந்து வருடமாக ஒரே ஒரு விஷயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு இடம் சிவந்து வீங்கிச் சூடேறுகிறதே, அந்த அழற்சி ஆறாமல் கிடந்தால் அது எப்படிப் புற்றுநோய்க்கு வழி விடுகிறது, இரண்டுக்கும் நடுவில் செய்தி கொண்டு ஓடுவது எது என்பதுதான் படிப்பு. அதன் கடைசிப் பரீட்சையைச் சபை கூட்டி எல்லோர் முன்னாலும் நடத்துவார்கள், பெற்றவர்கள் வந்து உட்காரலாம் என்றாள். அவளுடைய வாப்பா உயிரோடு இல்லை. நான் போனேன்.

இரண்டு சாமான் கொண்டுபோனேன். ஒன்று பித்தளை வட்டா. எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் ஒரு நல்ல காரியத்துக்கு வந்தால், வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டாமல் அனுப்புவதில்லை. என் மகளைக் கேள்வி கேட்க வருகிற பேராசிரியர்களை வெறுங்கையோடு அனுப்ப நான் யார்?

மற்றது யாருக்கும் தெரியாமல் கொண்டுபோனது. என் இடது கன்னத்தின் உள்பக்கத்தில், நாக்கால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு வெள்ளைத் தழும்பு. சுண்ணாம்பு சுட்டது என்று வைத்திருந்தேன். ஆனால் சுண்ணாம்பு சுட்டால் நாலு நாளில் ஆறும். இது நோன்புக்கு முன்னால் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது, தழும்பு போகவில்லை. அந்தப் பக்கம் ஆறட்டும் என்று வெற்றிலையை வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தேன்.

புறப்படுகிற அன்று சுலைஹா மதினி வந்தாள். என் கணவரின் தங்கை. முப்பது வருடமாகப் பின்னேரம் அஸர் தொழுதபின் நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்து வெற்றிலை போடுகிறவர்கள். ஈரத்துணியில் சுற்றி இருபது வெற்றிலை தந்தாள்.

"அங்க பச்ச வெத்திலையே இல்லையாம் மதினி. கவனமா வெச்சுத் தின்னுங்க."

அந்த இருபதையும் பேர்கன் விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்த அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு ஒரு இலையைத் தூக்கி மணந்து பார்த்தார். என்னவோ கேட்டார். "வெத்தில" என்றேன். அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று தரம் சொன்னேன். பிறகு இலையைத் தனியே ஒரு வாளியில் போட்டு, பாக்கையும் சுண்ணாம்பையும் என்னிடமே தந்துவிட்டார். சோற்றைப் பறித்துக்கொண்டு கறியை விட்டதுபோல இருந்தது.

முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. அந்த ஊரில் மழையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை; உடைந்த குடைகளை மட்டும் தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் தலைகீழாகச் செருகி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு மழை ஒரு கிழமை பெய்தால் மாவடிப்பள்ளி வயல் முழுக்கக் கடலாகியிருக்கும். இங்கே தண்ணீர் மலையிலிருந்து நேராகக் கடலுக்கு இறங்கிவிடுகிறது. வயலும் இல்லை, வரம்பும் இல்லை, தண்ணீருக்கு அடிபிடியும் இல்லை.

மீன் சந்தைக்குக் கூட்டிப்போனாள். ஒலுவில் துறைமுகத்தில் தோணி வந்து இறங்கினால் சத்தத்தில் நம் பேர் நமக்கே கேட்காது. இங்கே மீன் விற்கிறவன் மெதுவாகச் சிரித்துவிட்டு நிற்கிறான். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கப் போனேன். றிஃப்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போனபின், வெற்றிலை தேடி நான் தனியாகப் புறப்பட்டேன். தமிழ்க் கடை எந்தத் தரிப்பில் என்று றிஃப்காவின் கணவர், என் மருமகனிடம் முதல் நாளே நயமாகக் கேட்டு வைத்திருந்தேன். ட்ராம் வண்டியில் ஏறி உட்கார்ந்தது வரை எல்லாம் சரி. எதிர்ப்பக்கம் போகிற வண்டி என்பது, கடைசியில் அதே விமான நிலையத்தைக் கண்டபோதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர் என் கழுத்தில் றிஃப்கா மாட்டிவிட்ட அட்டையில் அவளுடைய தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து அழைத்துக் கதைத்தார். அவர் சொன்னதை அவள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்: "உங்கள் அம்மா தொலைந்துபோகவில்லை. ஊருக்குப் போகிற விமானத்துக்குக் கொஞ்சம் நேரத்தோடு வந்துவிட்டார், அவ்வளவுதான்."

அந்த மனிதர் தன் பையிலிருந்து கறுவாப்பட்டை தூவிய பெரிய பணிஸ் ரொட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். முகமளவு இருந்தது. கடிக்கப் பார்த்தேன், வாய் அவ்வளவுக்குத் திறக்கவில்லை. பிய்த்துப் பிய்த்து உண்டேன். அவர் அதை நாகரிகம் என்று எண்ணியிருப்பார். என் வாய் எப்போது இவ்வளவு சிறுத்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று பகலே தமிழ்க் கடையையும் கண்டுபிடித்துவிட்டேன். கடைக்காரர் யாழ்ப்பாணம்.

"வாங்கோ அம்மா. எந்த ஊர்?"

"கல்முனை."

"என்ன வேணுமெண்டு கேக்கத் தேவையில்ல. உங்கட பல்லே சொல்லுது" என்று சொல்லிக்கொண்டே, ஈரத்தாளில் சுற்றிய வெற்றிலைக் கட்டை மேசைக்கு அடியிலிருந்து எடுத்தார். அந்த வாய்த்துடுக்கு எனக்குப் பிடித்தது. உறவுக்காரரைக் கண்டதுபோல இருந்தது.

நாலாம் நாள் றிஃப்கா தன் வேலைத்தலத்தைக் காட்டினாள். ஆஸ்பத்திரிபோல மணம், ஆனால் நோயாளி இல்லை. குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒரு கண்ணாடிக் கருவியில் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். இருட்டில் பச்சைப் பச்சையாக ஒளிப்புள்ளிகள். இவைதான் கலங்கள், உடம்பைக் கட்டியிருக்கிற சின்னஞ்சிறு அறைகள் என்றாள். ஒவ்வொரு அறைக்கும் நடுவே ஒரு உள்ளறை. காயம் பட்டால், கிருமி வந்தால், வெளியில் நிற்கிற ஒரு செய்திக்காரன் உள்ளறைக்குள் ஓடிப்போய்ச் சொல்வான். உடனே உதவிக்கு ஆள் வரும், இரத்தம் வரும், சூடு வரும், வீங்கும். வேலை முடிந்ததும் செய்திக்காரன் வெளியே வந்துவிட வேண்டும். பச்சை வெளிச்சமாகத் தெரிவது அந்தச் செய்திக்காரன்தான். அவனுக்கு எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பேர். மூன்று தரம் சொல்லித் தந்தாள், என் வாயில் நிற்கவில்லை.

"இந்தக் கலங்கள்ல பாருங்க உம்மா, அவன் உள்ளுக்கே நிண்டிட்டான். வெளிய வரமாட்டான் எண்டுறான்."

உள்ளே நின்று என்ன செய்வான் என்று கேட்டேன். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பான் என்றாள். சாக வேண்டிய கலத்தைச் சாகாதே என்பான். பெருகு, பெருகு என்பான். காவலுக்கு வந்தவர்களே கடைசியில் கெட்ட கலத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறவர்களாகிவிடுவார்கள்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நாற்பது போகம் வயல் பார்த்தவள் நான். தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை சொன்னால் வாய்க்கால் கதவைத் திறப்பார்கள், வயலுக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் நல்லதுதான். ஆனால் அவரே திரும்ப வந்து மூடச் சொல்ல வேண்டும். மூடாமல் விட்ட வயலில் நெல் அழுகும், களை தழைக்கும். தண்ணீரில் பிழை இல்லை, கதவில் பிழை இல்லை, மூடச் சொல்ல ஆள் இல்லாததுதான் பிழை. இதைச் சொன்னேன்.

றிஃப்கா அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். "இத நான் எடுத்துக்கிறன் உம்மா" என்றாள்.

எடுத்துக்கொள், உனக்குத்தானே எல்லாம் என்றேன். பிறகு, தெரியாதவள்போல ஒன்று கேட்டேன். கதவை மூடவிடாமல் செய்வது எது? ஒரே இடத்தில் தினமும் காயம் பட்டுக்கொண்டே இருப்பது என்றாள். வயிற்றில் கிருமி, நெஞ்சில் புகை. கன்னத்துக்குள் நாக்கு தானாகப் போனது. வாயை மூடிக்கொண்டேன். பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. ஐந்து வருடப் படிப்பு. பெற்ற தாயின் வாய்க்காக அவள் கவனம் சிதற நான் விடமாட்டேன். பரீட்சை முடியட்டும், சொல்வோம், அல்லது அதற்குள் ஆறிவிடும். அப்படித்தான் முடிவெடுத்தேன். நல்ல முடிவு என்றே நினைத்தேன்.

பரீட்சை நாள். பெரிய மண்டபம். கேள்வி கேட்கிறவர்களுக்கு அங்கே எதிராளி என்றே பேர். முதல் எதிராளி உயரமான ஆண். இரண்டாவது எதிராளி டென்மார்க்கிலிருந்து வந்தவர், வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி. பல் டாக்டராக இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவராம். அவர்கள் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். வாய் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தது, கையில் துணி சுற்றிய வட்டா.

றிஃப்கா கதைக்கத் தொடங்கியபோது திரையில் ஒரு படம் வந்தது. பச்சை வயல், வாய்க்கால், மரக்கதவு. அவள் என்னவோ சொன்னாள், மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மருமகன் குனிந்து சொன்னார்: "இது எங்கட உம்மா சொன்னது எண்டு சொல்றா." தலையை நிமிர்த்தி உட்கார்ந்தேன். இரண்டரை மணித்தியாலம் கேள்வி. ஆண் எதிராளி மேசையில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். என் மகள் ஒரு தரமும் குரல் உயர்த்தவில்லை, ஒரு தரமும் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் எதிராளிகளே வந்து அவளுக்குக் கை கொடுத்தார்கள். எதிராளி என்று பேர் வைத்துக்கொண்டு இப்படிச் சிரிக்கிறவர்களை நான் கண்டதில்லை.

அன்று மாலை விருந்து. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். சமையல் நான். நெய்ச்சோறு, ஆணம் என்று நாங்கள் சொல்கிற குழம்பு கோழியில் ஒன்று, அந்த ஊர் வெள்ளை மீனில் ஒன்று, பருப்பு, இனிப்புக்கு வட்டிலப்பம். வெள்ளைக்காரருக்கு உறைப்பில்லாமல் ஒரு சட்டி, எங்கள் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சட்டி. வந்தவர்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். இலங்கைச் சாப்பாடு நெருப்பு என்று பயந்து வந்தோம், இது எவ்வளவு இதமாக இருக்கிறது என்றார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் வட்டாவைத் திறந்தேன். யாழ்ப்பாணத்துக் கடைக்காரரின் வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு. எழுந்து போய், இரண்டு கையாலும் பிடித்து, அந்த டென்மார்க் பெண்மணிக்கு முன்னால் நீட்டினேன். றிஃப்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வெற்றிலையைப் பற்றி அவள் தொலைபேசியில் பல தரம் சொல்லியிருக்கிறாள். ஆனால் மரியாதை வேறு, வாய் வேறு.

அந்தப் பெண்மணி எழுந்து நின்று வட்டாவை வாங்கினார். ஒரு பாக்குச் சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபது வருடமாக இதைப் பற்றி வாசிக்கிறேன், கையில் எடுத்தது இன்றுதான் என்றாராம். வாயில் போடவில்லை. என்னை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார், றிஃப்கா தமிழில் சொன்னாள். எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள்? ஐம்பது என்றேன். ஒரே பக்கமா? ஓம் என்றேன், வலது பக்கத்துக்கு மாற்றியதைச் சொல்லாமல். மூன்றாவது கேள்வியை என் மகள் பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்துத் திரும்பச் சொன்னாள்.

"உம்மா, உறைப்புச் சாப்பிட்டா வாய் எரியிறதா எண்டு கேக்கிறா."

"இல்ல" என்றேன்.

றிஃப்கா என்னுடைய "இல்ல"வை அவருக்குச் சொல்லவில்லை. தன் தட்டைப் பார்த்தாள். அது எங்கள் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்த சட்டியிலிருந்து எடுத்த ஆணம். அதிலும் கொச்சிக்காய்த் தூள் இல்லை, மிளகாய் உறைப்பே இல்லை. நான் எப்போதும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத்தான் தூள் போடுகிறவள். நாலைந்து மாதமாக என்னால் நக்கிப் பார்க்க முடியவில்லை. என் பெரிய மகன் சாப்பிட்டு மூக்கால் தண்ணீர் விடுகிற ஆணம் என்னுடையது. அவள் பிறந்த நாளிலிருந்து உண்ட கை அது.

"உம்மா," என்றாள், "எப்ப இருந்து?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நோன்புக்கு முன்னால் என்றேன்.

மறுநாள் காலை பல் ஆஸ்பத்திரி. டென்மார்க் பெண்மணி தனக்குத் தெரிந்த டாக்டரை இரவே அழைத்துச் சொல்லியிருந்தார். வாயில் முக்காட்டுத் துணியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிள்ளைகளுக்குக்கூட என் வாய்க்குள் காட்டினவள் இல்லை நான்.

"உம்மா, வாயத் தொறங்க" என்றாள் றிஃப்கா. "நான் ஆயிரம் பேருடைய கலம் பாத்தவ. உங்கடதத்தான் நான் பாக்கல்ல."

திறந்தேன். டாக்டர் இளம் பெண். உங்கள் கையின் மூன்று விரலை ஒன்றாகச் சேர்த்து, பல்லுக்கு நடுவே நிமிர்த்திச் செருகிப் பாருங்கள் என்றார். நல்ல வாய்க்கு மூன்றும் போகுமாம். எனக்கு இரண்டுதான் போனது. பணிஸ் ஏன் பெரிதாகத் தெரிந்தது என்பது அப்போது விளங்கியது. ஆறி ஆறித் தழும்பேறிக் கன்னம் இறுகிவிட்டது என்றார். மரக்கச் செய்து, வெள்ளைத் தழும்பிலிருந்து அரிசிமணி அளவு வெட்டி எடுத்தார். முடிவுக்குப் பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் நான் பயந்தேன் என்று எழுதமாட்டேன். சோறு இறங்கவில்லை என்று எழுதுகிறேன். றிஃப்கா வேலைத்தலத்துக்குப் போகவில்லை. கண்ணாடிக் கருவியில் யாருடைய கலத்தைப் பார்த்தாலும் உங்களுடையதாகத் தெரிகிறது என்றாள். ஒரு நாள் மழைக்குள் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், வாங்கில் உட்கார்ந்து அழுதாள். பட்டம் வாங்கிய பெண், இத்தனை பேர் முன்னால் தடுமாறாதவள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் இதப் படிச்சன். வீட்டுக்க இருந்தது தெரியல்ல."

நான் அவளுடைய கண்ணைத் துடைத்தேன். தெரிந்தவள் மறைத்தால் படித்தவளுக்கு எப்படித் தெரியும் என்றேன். பிழை உன்னுடையது இல்லை, திறந்த கதவை மூடச் சொல்லாமல் நின்றவள் நான் என்றேன். பிறகு இடுப்பிலிருந்து பாக்குப் பையை அவிழ்த்து அவள் மடியில் வைத்தேன். ஐம்பது வருடம் இடுப்பில் கிடந்தது. எழுந்து நடந்தபோது ஒரு பக்கம் இலேசாக இருந்தது, அதற்கே கால் பழக வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் அழைப்பு வந்தது. றிஃப்கா அந்த நாட்டு மொழியில் கதைத்தாள். எனக்குத் தெரிந்த ஒரே மொழி அவளுடைய முகம். முதலில் அது அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"புற்று இல்ல உம்மா. மாறத் தொடங்கியிரிக்கி. இன்னும் மாறல்ல."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, இரண்டு ரக்அத் தொழுதேன். தழும்பை முழுக்க வெட்டி எடுத்தார்கள். இனிச் சில மாதத்துக்கொரு தரம் காட்ட வேண்டும், வாயை விரிக்கிற பயிற்சி தினமும் செய்ய வேண்டும், வெற்றிலை பாக்குப் பக்கம் போகக்கூடாது. மூன்றுக்கும் ஓம் என்றேன். நான் ஓம் என்றால் ஓம்தான்.

ஊருக்கு வருவதற்கு முதல் நாள் தமிழ்க் கடைக்குப் போனேன். இந்தத் தரம் சரியான வண்டி.

"அம்மா, இண்டைக்கு நல்ல இலை வந்திருக்கு."

"இல வேணாம் மகன். பச்சக் கொச்சிக்கா இரிந்தாத் தாங்க. மகளுக்கு ஒரு ஆணம் வெக்கணும்."

வைத்தேன். தூளையும் நன்றாகப் போட்டேன். நக்கிப் பார்க்க இன்னும் முடியவில்லை. றிஃப்காவின் உள்ளங்கையில் விட்டேன். அவள் நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றாள். அவளுக்கு மூக்கால் தண்ணீர் வரும்வரை போட்டேன்.

ஊருக்கு வந்து மூன்று மாதமாகிறது. இப்போது இரண்டு விரலும் மூன்றாவதன் பாதியும் போகிறது. சுலைஹா மதினி அஸருக்குப் பின் வழமைபோல வருகிறாள். நான் வெறும் வாயோடு இருப்பதைப் பார்த்து, வெளிநாடு போய் வந்ததும் பெரிய இடத்து நடப்பு வந்துவிட்டது என்கிறாள். சிரித்துக்கொள்கிறேன். ஆனால் அவளும் கொஞ்ச நாளாக வெறுஞ்சோற்றுக்குத் தயிர் விட்டுத்தான் உண்கிறாள். உறைப்பு வயிற்றுக்கு ஒத்துவரவில்லையாம். டாக்டரிடம் போவோம் என்றால் கோபிக்கிறாள். அவளுக்கு நேரே சொன்னால் ஏறாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே சாதிப் பெண்தானே. அதனால்தான் கை வலிக்க வலிக்க இவ்வளவையும் எழுதினேன்.

ஸைனப், என் பேத்தி, பத்தாம் வகுப்புப் படிக்கிறாய், உன் வாசிப்பு தெளிவு. இந்தத் தாளைப் பிடி. சுலைஹா மாமி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். முதலிலிருந்து, மகளுக்கு ஆணம் வைத்த இடம் வரைக்கும் சத்தமாக வாசி, உம்மம்மா பயணம் போன கதையை அவளும் கேட்கட்டும். மூன்று விரல் என்ற இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்து. நிறுத்தும்போது அவளைப் பார்த்துவிடாதே. நானும் பார்க்கமாட்டேன். தாளையே பார்த்துக்கொண்டிரு.